வாசலில் எத்தனை செருப்பு

ஒரு வீட்டுக்குள் போகும் முன் டீச்சர் வாசலில் குனிவார். புதிதாகப் பார்ப்பவர்கள் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் செருப்பு எண்ணிக்கொண்டிருப்பார். ஆண் செருப்பு, பெண் செருப்பு, பிள்ளைகளுடையது, வார் அறுந்து மூலையில் கிடப்பது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து கதவைத் தட்டுவார். திறப்பவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

திருநெல்வேலி பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளம். பையைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கியிருந்தது. பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், நெற்றியைப் பார்ப்பார். பெயரை எழுதி முடித்ததும் பேனா முனையால் நம் நெற்றிக்கு நேராகக் காற்றில் ஒரு புள்ளி வைப்பார். அந்த இடம் கொஞ்ச நேரம் சில்லென்று இருந்தது என்று சில பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒருமுறை வைத்தார்.

அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. இப்போது நடப்பதற்கு முந்தியது. நான் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத்தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பது வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்கு முன் உவரியில் மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன், மணிமுத்தாறுக்கு மேலே மலை ரோட்டில் ஜல்லி கொட்டினேன். ஒரே ஊரில் ஒரு வருஷம் ஆனால் உள்ளங்கால் அரிக்கும் எனக்கு. ரேஷன் கார்டு கிடையாது, ஓட்டு கிடையாது. இரவில் பட்டறையிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வேன்.

டீச்சர் பட்டறைக்கு வந்தபோது முதலாளி என்னைத் தகர அடுக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

“இங்கன ராத்திரி யாரும் தங்கதில்ல டீச்சர். பூட்டிட்டுப் போயிருவோம்.”

“அப்படியா அண்ணாச்சி. அந்த ஆணியில தொங்குத பல் பிரஷ் லேத்து மிஷினுக்கா?”

“அது எனக்கு. மத்தியானம் சாப்புட்டுட்டு விளக்குவேன்.”

“நல்ல பழக்கம். அந்தக் கைலியும் மத்தியானந்தான் கெட்டுவியளோ?”

முதலாளி சிரித்து மழுப்பினார். டீச்சர் தகர அடுக்கைப் பார்த்துப் பேசினார். “வெளிய வந்தா எழுதிக்கிடுவேன். வராட்டி எழுத மாட்டேன். அப்புறம் இந்த ஊர்ல நீ இல்லன்னு ஆயிரும், பாத்துக்கோ.”

நான் வெளியே வரவில்லை. காக்கிச்சட்டை, ரெஜிஸ்டர், ரப்பர் ஸ்டாம்ப் மூன்றையும் கண்டால் மறைந்துகொள்வது என் பழக்கம். மறுநாள் முதலாளி, “ஏலே, ஒன்னால நாளைக்கு லேபர் ஆபீஸ்காரன் வந்து நிப்பான். வேற எடம் பாத்துக்கோ,” என்று சாக்கைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். டீச்சர் வெளியே வந்தார். நெற்றியைப் பார்த்தார்.

“தகரத்துக்குப் பின்னால நின்னவன்தான நீ? சாப்டியா?”

இல்லை என்றேன்.

“பை தூக்குவியா? நாய்க்குப் பயமில்லையே?”

அப்படித்தான் அவர் பின்னால் மூன்று வாரம் நடந்தேன். படுக்கை பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில்.

பேட்டைக்கும் சுத்தமல்லிக்கும் நடுவே வயலைத் தட்டி மனை போட்ட புது நகர் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். முந்தைய வருஷமே வீடுகளைக் குறித்து ஒரு வரைபடம் போட்டிருந்தார். காரை வீட்டுக்குச் சதுரம், ஓலை வீட்டுக்கு முக்கோணம், வடமேற்கு மூலையில் தொடங்கி நம்பர். அந்தப் படத்தை விரித்துக்கொண்டு தெருவில் நின்றால் படத்தில் இல்லாத வீடுகள் எங்களைச் சுற்றி நின்றன. நேற்று கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இன்று சுவர் இருக்கும். ஒரு தெருவையே காணோம். படத்தில் அந்த இடம் வாய்க்கால்.

“போன கணக்குல இங்கன ஒரு தலை கெடையாது. நெல்லும் கொக்கும்தான்,” என்றார். “ஊரு வளந்துட்டுன்னு பேப்பர்ல போடுவான். வளரல தம்பி. பக்கத்து ஊரை முழுங்கிட்டு. முழுங்கினா வயிறு பெருக்கத்தான செய்யும்?”

ஆனால் அந்த வயிற்றுக்குள் ஆள் சத்தம் குறைவு. பாதி வீடுகளின் சொந்தக்காரர்கள் துபாயிலும் சென்னையிலும் இருந்தார்கள். பெயிண்ட் மணம் போகாத சுவர்கள், கிரில் கேட்டில் திருஷ்டிப் பூசணி. தானாக எரிந்து அணையும் விளக்குகள் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். ஆளில்லாத தெருவில் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டு வருவதைப் பார்த்தால் யாரோ வீடு வீடாக நுழைந்து வருவது போலிருக்கும். எனக்கு நடை வேகமாகிவிடும். டீச்சர் பையத்தான் வருவார்.

வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விதி. டீச்சருக்கு அது போதாது. கண்ணால் பார்க்காத தலையை எழுதமாட்டார். குளித்துக்கொண்டிருப்பவர் வரும்வரை காத்திருப்பார். தொட்டில் சேலையை விலக்கி உள்ளே பார்ப்பார். வேலைக்குப் போனவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மறுபடி போவார். மற்ற டீச்சர்மார் பத்து வீடு முடிக்கும்போது இவர் மூன்றில் நிற்பார்.

தலை எண்ணினால் ஒன்று குறையும் என்ற பயம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு உண்டு. ஒரு வீட்டில் பிள்ளைகள் இரண்டு என்றாள் தாய். வாசலில் பிள்ளைச் செருப்பு மூன்று ஜோடி.

“கட்டிலுக்கு அடியில இருக்குத கலெக்டரையும் வரச் சொல்லு,” என்றார் டீச்சர்.

ஒட்டடையோடு ஒரு பையன் ஊர்ந்து வந்தான். தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “எண்ணாதீங்க டீச்சர். போன தடவ எங்க அம்மா வீட்டுல எண்ணிட்டுப் போனாங்க. அந்த மாசமே ஒண்ணு கொறஞ்சிட்டு.”

“ஒண்ணுன்னு சொன்னாத்தான கொறையும்? நெல்லு அளக்க மாதிரி அளந்துருவோம்,” என்று டீச்சர் பிள்ளைகளின் நெற்றிக்கு நேராகப் புள்ளி வைத்தார். “லாபம். ரெண்டு. மூணு.”

களத்தில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் டீச்சர் அப்படித்தான் எண்ணினார். தனியாக இருக்கிற கிழவியாக இருந்தாலும் லாபம் என்று ஒரு புள்ளி.

ஒரு வீட்டில் வெளிப்பூட்டு தொங்கியது. வாசலில் செருப்பே இல்லை. நான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டேன். டீச்சர் நகரவில்லை.

“உள்ள ஆள் இருக்கு.”

“பூட்டியிருக்கே டீச்சர்.”

“ஜன்னல்ல பாரு.”

ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. கட்டையெல்லாம் தூசி, தண்ணீரில் ஒரு தூசி இல்லை. “ஐயா,” என்று டீச்சர் கூப்பிட்டார். வெயிலில் நின்றோம். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து ஒரு கை வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனது.

கிழவர் ஒருவர். மகன் காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வந்து திறப்பானாம். நடக்க முடியாதவருக்குச் செருப்பு எதற்கு என்று யாரும் வாங்கவில்லை. கம்பிக்குப் பின்னால் முகத்தைக் கொண்டுவந்து, “என்னையுமா எழுதுதிய?” என்று கேட்டார்.

“ஒங்களத்தான் மொதல்ல எழுதுதேன்,” என்றார் டீச்சர்.

அந்த நகரின் கடைசி வீடு வாய்க்காலை ஒட்டி இருந்தது. ஒரு அம்மாள். வயது அறுபது இருக்கும். வாசலில் அவள் செருப்பு ஒரு ஜோடி. பக்கத்தில் ஆண்களுடைய தோல் செருப்பு ஒரு ஜோடி, ஈரமாக.

“எத்தனை பேரு யக்கா?”

“ரெண்டு பேரு. நானும் எம் மகனும்.”

“தம்பி எங்க?”

“குளிக்கப் போயிருக்கான்.”

டீச்சர் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவன் வரவில்லை. நாலு நாள் கழித்துப் போனோம். குளிக்கப் போயிருக்கான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்போதும் குளிக்கத்தான் போயிருந்தான். தோல் செருப்பு ஒவ்வொரு தடவையும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து மனையில் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கொத்தனார் எங்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “அந்தப் பையன் ரெண்டு வருசத்துக்கு முந்தி கூட்டாளிகளோட மணிமுத்தாறுக்குக் குளிக்கப் போனவன் டீச்சர். திரும்பல. ஒடம்பும் கெடைக்கல. மத்தவனுங்க எடுத்துட்டு வந்து குடுத்தது அந்தச் செருப்பு மட்டுந்தான். கெழவி தெனமும் கழுவி வைக்குது.”

டீச்சர் திரும்பி நடந்தார். அந்த வீட்டுப் படிவத்தில் தாயின் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. பார்க்காத தலை, எழுத முடியாது. அந்த அம்மாளோ கேட்டுவரை பின்னால் வந்தாள்.

“எழுதாம போயிராதீங்க டீச்சரம்மா. எல்லாரும் அவன் இல்ல இல்லன்னு சொல்லுதாவ. கவர்மெண்டும் இல்லன்னு எழுதிட்டா, அவன் திரும்பி வந்தா எங்க வந்து நிப்பான்?”

டீச்சர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கணக்குக்கென்று ஒரு நள்ளிரவு குறித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் உயிரோடு இருப்பவர்தான் கணக்கு. வீடில்லாமல் ரோட்டில் படுத்திருப்பவர்களை அந்த இரவில் போய் எண்ணவேண்டும். “அன்னைக்கு ஒன்னையும் சைக்கிள் கொட்டகையில வச்சு எழுதிருதேன்,” என்று எனக்குச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய பகலில் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே வாய்க்கால் வீட்டுக்குப் போனார்.

“யக்கா, இவன் சாப்புடல. சோறு இருக்கா?”

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடுக்கில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். யாருடைய தட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சோறும் அவியலும் போட்டாள். நான் தின்றுகொண்டிருக்கும்போது டீச்சர் படிவத்தை எடுத்தார்.

“மகன் பேரு சொல்லுங்க.”

அவள் சொன்னாள். அது இங்கே வேண்டாம்.

“வயசு?”

“இருவத்தெட்டு.”

டீச்சர் எழுதினார். பேனா முனையை அவளுக்கு நேராக வைத்து, “லாபம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி என் நெற்றிக்கு நேராக வைத்தார். “ரெண்டு.”

சில்லென்றுதான் இருந்தது. பேனா என்னைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “பொய்யில்லையா டீச்சர்?”

“தலை சரியா இருக்கு. பேருதான் மாறியிருக்கு. கவர்மெண்டு பேரையா கூட்டிப் பாக்கும், தலையைத்தான கூட்டும்? நீ வேற எங்கயும் எழுதப்படல. இன்னைக்கு ராத்திரி அந்தக் கூரைக்குக் கீழ படுத்துக்கோ. அப்ப முழுசும் சரியாயிரும்.”

எனக்கு மறுப்பில்லை. கூரை கிடைத்தால் படுப்பவன் நான். அந்த அம்மாள் முன்னறையில் பாய் விரித்துக் கொடுத்தாள். உள்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போனேன். தாழ் அப்போதும் போட்டபடிதான் இருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. தோல் செருப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. மழை இல்லை. அதை ஒட்டிக் கிடந்த என் ரப்பர் செருப்பு உலர்ந்திருந்தது.

அவள் எழுந்து வந்து காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டாள். “ஒரே பாயிலயா ரெண்டு பேரும் படுத்திய? இன்னொண்ணு விரிச்சிருப்பேனே.”

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

டீச்சர் அப்போதுதான் ஆற்றங்கரையில் குறுக்குத்துறை மண்டபங்களில் தூங்கியவர்களை எண்ணி முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. அந்த வீட்டுப் படிவத்தை எடுத்து இரண்டு பெயர்களுக்குக் கீழே இருந்த மூன்றாவது வரியைப் பார்த்தபடி இருந்தார்.

கணக்கு முடிந்தபின் பிறப்பு இறப்பு பார்க்க ஒரு சுற்று மறுபடி போகவேண்டும். ஜன்னல் கிழவர் வீட்டில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். “அப்பா பேரை அடிச்சிருங்க டீச்சர்,” என்றான் மகன்.

“எப்பம் போனாரு?”

“அந்தக் கணக்கு ராத்திரி விடிஞ்சு, காலையில எட்டு மணிக்கு.”

“அடிக்க முடியாது தம்பி. நள்ளிரவு தாண்டி எட்டு மணி நேரம் இருந்திருக்காரு. இனி அடுத்த கணக்கு வரைக்கும் இருப்பாரு.”

மகன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு மறக்காது.

வாய்க்கால் வீட்டுக்கு வந்ததும் டீச்சர் குனிந்தார். மூன்று வாரத்தில் அவ்வளவு நேரம் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. தோல் செருப்பின் மேல் விரலை வைத்து, எடுத்து, விரல் நுனியைப் பார்த்தார்.

“நீ யாரையும் பாத்தியா?”

“இல்ல டீச்சர்.”

“நானும் பாக்கல.” நிமிர்ந்தார். “அப்ப ரெண்டுதான்.”

ஆனால் படிவக் கட்டுகளை ஒப்படைக்கும் முன் ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார். நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். கண் சிவந்திருந்தது.

“ஒருத்தனை விட்டுட்டேன் தம்பி. செருப்பு சொல்லிச்சு, நான் எழுதல.”

பேச்சை மாற்ற, “ஒங்களை யாரு டீச்சர் எழுதினது?” என்று கேட்டேன்.

அவர் தனியாக இருப்பவர். “எந் தெருவுக்கு வந்த டீச்சர் மூணு தடவ வந்திருக்கா. மூணு தடவையும் நான் ஊரை எண்ணப் போயிட்டேன். ஆளில்லாத வீடுன்னு கோடு போட்டுட்டா. போய் வம்பு பண்ண மனசு வரல.” அப்போதுதான் சிரித்தார். “நான் இந்த ஊர்லயே இல்ல, பாத்துக்கோ.”

அதன்பிறகு கேரளாவில் கல் குவாரி, தூத்துக்குடியில் உப்பளம், திரும்பக் கொஞ்ச நாள் உவரி. ஒரு டீக்கடையில் பேப்பரில் திருநெல்வேலியின் தொகையைப் போட்டிருந்தார்கள். சுற்றுப்புறத்தையும் சேர்த்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. நீளமான எண். அந்த எண்ணின் கடைசியில் எங்கேயோ நான் வேறொருவன் பெயரில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். டீ ஆறிவிட்டது.

பத்து வருஷத்தில் வரவேண்டிய அடுத்த கணக்கு தள்ளித் தள்ளி இப்போதுதான் வந்தது. எனக்கும் வயதாகிவிட்டது. கணக்கெடுக்க வருகிறார்கள் என்று கேட்டதும் ஏனோ பேட்டைக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நின்றது. எதிரே டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். முப்பது வருஷமாக அங்கே கடை வைத்திருப்பவர்.

“டீச்சரா? இங்கனயா? அந்த வீடு பூட்டியேல்லா வே கெடந்துச்சு. யாரும் குடியிருந்த மாதிரி எனக்கு நெனப்பில்லையே.”

“குள்ளமா இருப்பாவ. இடது தோளு எறங்கியிருக்கும்.”

“இல்ல வே. நீரு வேற தெருவைச் சொல்லுதீரு.”

மேலும் இரண்டு பேரிடம் கேட்டேன். அதே பதில். பள்ளிக்கூடத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை. அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

புது நகரில் இப்போது காலி மனை கிடையாது. வாய்க்கால்மேல் சிலாப் போட்டு ரோடாக்கிவிட்டார்கள். கடைசி வீடாக இருந்தது இப்போது நடுவில் இருக்கிறது. அந்த அம்மாள் நன்றாகக் கூனியிருந்தாள். என்னைப் பார்த்ததும், “வா லே. சாப்டியா?” என்றாள். நேற்றுப் போனவனைக் கேட்பது போலக் கேட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டில் ஒரு பெண்ணின் குரல். இளவயது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“கணக்கெடுக்க வந்திருக்கேன் பாட்டி. எத்தனை பேரு?”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். டீச்சர் கண்டுபிடித்த வழி அவளுக்கு மறக்கவில்லை. “ரெண்டு பேரும்மா. நானும், இந்தா இருக்கானே எம் மகன், இவனும்.”

அந்தப் பெண் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கட்டை விரலால் இரண்டு தட்டு. முடிந்தது. அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

நான் கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்து குனிந்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் செருப்பு. லாபம். என் ரப்பர் செருப்பு. ரெண்டு. அதை ஒட்டி, அந்தத் தோல் செருப்பு. வார் மக்கி நைந்திருந்தது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சிமெண்டுத் தரையில் கேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கூன் முதுகோடு அவளால் இப்போது குனிந்து கழுவ முடியாது.

ஆயுசு முழுவதும் ரெஜிஸ்டரைக் கண்டால் ஒளிந்தவன் நான். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்து கூப்பிட்டேன்.

“ஏம்மா, இங்கன மூணு பேரு. ஒருத்தரை விட்டுட்டிய.”

அவள் திரும்பினாள். “மூணாவது ஆளு எங்க அண்ணாச்சி?”

“எந் தம்பி,” என்றேன். “குளிக்கப் போயிருக்கான்.”